எடைமேடை

ஆலைக்கு வரும் லோரிகளை நிறுப்பது என் வேலை.
பழத்தோடு ஒரு தடவை, இறக்கிய பின் ஒரு தடவை.
நடுவில் உள்ள வித்தியாசத்துக்குத்தான் காசு.
சக்கரத்தில் அப்பிய சேறு
போகும்போதும் வரும்போதும் கூடவே இருப்பதால்
கணக்கில் கழிந்துவிடும்.
இதை ஒரு நாவலில் காதல் வசனமாக வைத்தேன்.
பதினொரு பெண்கள் அடிக்கோடிட்டுப் படமெடுத்து அனுப்பினார்கள்.

யோகமலர் எடைச்சீட்டு தருபவள்.
காரிருள்செல்வி என்றால் நான்கு நாவல்கள்,
ஈப்போவில் முந்நூறு முந்நூறாக அச்சடித்து
கட்டிலுக்கடியில் அடுக்கி
தன் கையாலேயே முகவரி எழுதித் தபாலில் சேர்ப்பவள்.
அச்சகத்து ஆ லெங்குக்குத் தமிழ் தெரியாது.
அட்டையில் கழுத்தைப் பார்ப்பார், கழுத்தில் கையைப் பார்ப்பார்.
"மறுபடி அதே ஆளா?" என்பார் மலாயில்.
மறுபடி அதே ஆள்தான்.

என் நாயகர்கள் கதவைப் பூட்டுவார்கள்.
பூட்டிவிட்டு வாசலில் உட்கார்ந்து அழுவார்கள்.
அழுகிறவன் கையில் சாவி ஏன் என்று
எந்த வாசகியும் கேட்டதில்லை.
நானும்.

சுங்கை சிப்புட்டில் நோயின் பெயரை யாரும் சொல்வதில்லை.
'தஞ்சோங் ரம்புத்தான்' என்பார்கள்,
ஏதோ அடுத்த பஸ் நிறுத்தம் போல.
மாதம் ஒரு செவ்வாய் நான் இறங்குகிற நிறுத்தம்.
அந்த ஆஸ்பத்திரிக்கு மலாயில் மகிழ்ச்சி என்று பெயர்.
வரிசை எண் நாற்பத்தாறு. வெள்ளை மாத்திரை, பாதி, இரவில்.

மாத்திரை தொடங்கியதும் என் நாயகன் பேசுவதை நிறுத்தினான்.
பயந்துபோய் நான் மாத்திரையை நிறுத்தினேன்.
பேசினான்.
இரண்டு வாரம், இரவும் பகலும்.
அதில் எழுதியதைத்தான் என் சிறந்த நாவல் என்கிறார்கள்.
மூன்றாம் வாரம் நான் எங்கே இருந்தேன் என்று
பின்னட்டையில் போடவில்லை.

நேற்று லோரி சன்னாசி
சீட்டை வாங்கிக்கொண்டு நகரவில்லை.
"பசியாறியாச்சா?"
ஆச்சு என்றேன்.
"அந்தப் பொஸ்தகம் எழுதறது நீங்கதானே.
சீட்டுல போடற ஏழுக்கு வயித்துல ஒரு கோடு இருக்கும்.
வீட்டுக்கு வந்த பார்சல்லயும் அதே ஏழு."

பின்னால் மூன்று லோரிகள் ஹார்ன் அடித்தன.

"தங்கச்சி படிக்குது. புருசன் வேணாம்னு
ஆறு மாசமா எங்க வீட்டுலதான் இருக்கு.
நாலாவது பொஸ்தகம் முடிச்சிச்சு.
இப்பத் திரும்பிப் போறேங்குது.
அவரும் அழுவாராம்."

கதைதானே அண்ணே என்று சொல்ல வாய் திறந்தேன்.
தராசு முள் போல நாக்கு நடுவில் நின்றுவிட்டது.

"அஞ்சாவது எப்ப வருது?
அந்தப் புள்ள வெளிய வருதா?"

ஐந்தாவது முடிந்து பையில் இருந்தது.
இருபத்தேழாம் அத்தியாயத்தில்
அவள் வெளியே வருவதில்லை.
சாவி பிடித்த அவன் கையை முத்தமிடுகிறாள்.
அந்த முத்தத்துக்கு மூன்று பக்கம், எல்லாம் நல்ல பக்கங்கள்.

இரவு.
ஆலையின் புகை மணம் ஜன்னல் வலையில் ஒட்டியிருக்கிறது.
பாதி மாத்திரையை விழுங்கிவிட்டு உட்கார்ந்தேன்.
அவன் பேசவில்லை.
முதல் தடவையாக அவள் பேசினாள்:
"சாவியக் குடு."
அழுதான். நன்றாகத்தான் அழுதான்,
அழ வைக்க எனக்குத் தெரியும்.
"அழுதுட்டுக் குடு" என்றாள்.

நன்றாக வரவில்லை.
வாக்கியங்கள் சிலிப்பர் அறுந்தது போல நடக்கின்றன.
இதை யாரும் அடிக்கோடிட மாட்டார்கள்.

பஸ் வராத நேரத்தில்
அவளைச் செம்பனைக் காட்டு ரோட்டில் நிறுத்திவிட்டேன்.
அடையாளக் கார்டை எடுத்தாளா?
கையில் காசு?
ஐந்து நாவலில் ஒருத்திக்கும்
நான் ஒரு பர்ஸ்கூடத் தந்ததில்லை.

மணி இரண்டு.
இருபத்தாறாம் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போய்
அரிசி டின்னுக்கு அடியில்
கார்டையும் எழுபது வெள்ளியையும் வைக்கிறேன்.
ஏழுக்கு வயிற்றில் ஒரு கோடு.